மறுகால் எங்கே போகிறது? ஊர் சேர்ந்து வரையும் வரைபடம் பற்றி ஓர் அறிமுகம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, அதில் வந்த நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. விடிய விடியச் செல்போனில் ஊர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, குளம் உடைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும், நம் தெரு தப்புமா என்று பார்த்திருக்கிறான். ரேஷன் கடை எங்கே, செல்போன் ரீசார்ஜ் கடை எங்கே என்றெல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. குளம் இருந்த இடத்தில் பெயரே இல்லாத ஒரு நீலத் திட்டு மட்டும்தான். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை இல்லை, குளம் நிறைந்தால் தண்ணீர் வழியும் மறுகால் இல்லை, தண்ணீர் வந்து போகும் ஓடை ஒன்றுகூட இல்லை.

நான்கு நாள் கழித்து வந்து சேர்ந்தான். வந்ததும் பெரியப்பாவிடம் கேட்டது இதைத்தான். பெரியப்பா பதில் சொல்லாமல் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு தார்சாவில் சிவப்புச் சிமெண்ட் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். முதலில் ஒரு நீளக் கோடு. அது பாளையங்கால்வாய். அதிலிருந்து பிரியும் சின்னக் கோடு, அப்புறம் வில் போல வளைந்த குளத்துக் கரை, கரையில் மூன்று மடைக்கு மூன்று புள்ளி, தெற்கு மூலையில் மறுகால். மறுகாலில் விழுந்த தண்ணீர் ஓடையாக ரோட்டைத் தாண்டி அடுத்த ஊர் எல்லை வரைக்கும் போயிற்று. அங்கே சாக்பீஸ் நின்றது.

“அதுக்கு அங்கிட்டு எனக்குத் தெரியாதுல. அந்த ஊர்க்காரங்கள்ட்டதான் கேக்கணும்.”

இந்தக் கட்டுரை விளக்கப்போகும் விஷயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. குளத்தைப் பற்றிய அறிவு ஒரே ஆளிடம் இருப்பதில்லை. தண்ணீர் ஒரு ஊரிலிருந்து வருகிறது, இன்னொரு ஊருக்குப் போகிறது. தலைமடைக்காரருக்குத் தெரிந்தது கடைமடைக்காரருக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் தெரிந்த துண்டை ஒரே படத்தில் சேர்த்து வரைந்து, அதை எல்லாரும் பார்க்கவும் திருத்தவும் முடிகிற மாதிரி வைத்தால் எப்படி இருக்கும்? அதற்கான இடம் இணையத்தில் இருக்கிறது. பெரியப்பாவின் சாக்பீஸ் கோடு அங்கே போய்ச் சேர்ந்த கதையையும், அந்த இடம் வேலை செய்யும் விதத்தையும் முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

வரையும்போது என்ன நடக்கிறது

முதலில், எதற்காகப் படம்? எழுதி வைத்தால் போதாதா?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். தாமிரபரணியில் மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. இதுவரை வாசித்ததில் உங்களுக்கு ஒரு சிக்கலும் வந்திருக்காது. இப்போது ஒரு தாளை எடுத்து, பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றை ஒரு கோடாகப் போட்டு, எட்டு அணைக்கட்டையும் குறியுங்கள். அதுவும் எளிதுதான். அடுத்து ஒவ்வொரு கால்வாயையும் வரையத் தொடங்குங்கள். பேனா அங்கே நிற்கும். இந்தக் கால்வாய் ஆற்றுக்கு வலது கரையிலா, இடது கரையிலா? சுத்தமல்லியிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் திருநெல்வேலி டவுன் பக்கம் போகிறது, நயினார் குளத்துக்கு அதுதான் தண்ணீர் கொடுக்கிறது. அப்படியானால் அது இடது கரை. பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளை பக்கம் போகிறது. அது வலது கரை. சரி, கோடகன் கால்? அது எங்கே முடிகிறது? கன்னடியன் கால்வாயின் கடைசிக் குளம் எது?

எழுத்து இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போக விட்டுவிடும். “கால்வாயிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் வருகிறது” என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வரைகிறவர் அப்படித் தப்ப முடியாது. கோடு இடப்பக்கம் போக வேண்டும் இல்லையென்றால் வலப்பக்கம் போக வேண்டும், ரோட்டுக்கு மேலே போக வேண்டும் அல்லது பாலத்துக்குக் கீழே போக வேண்டும். தெரியாத இடத்தில் தாள் வெள்ளையாக நிற்கும். நமக்கு எது தெரியாது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. படம் அழகுக்காக என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

நம் பக்கத்தில் இந்த அறிவைப் பாதுகாக்க வேறு வழிகளும் இருந்திருக்கின்றன. கன்னடியன் கால்வாய் வெட்டிய கதையைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு பசு முன்னே நடக்க, அது நடந்த வழியெல்லாம் கால்வாயாகவும், படுத்த இடமெல்லாம் குளமாகவும் வெட்டினார்கள் என்பது கதை. கேட்கும் பிள்ளைக்கு அது பசு கதை. கால்வாய் எந்த வழியாகப் போய் எங்கெங்கே தேங்குகிறது என்ற வரிசை அதற்குள்ளேயே இருக்கிறது. பசு போன வழியில் நடந்து பார்க்காமலே மனசில் ஒரு கோடு விழுந்துவிடும். வாய்மொழியில் வரைந்த வரைபடம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் கதை சொல்லும் ஆச்சி போனால் கதையும் போய்விடுகிறது. அடுத்த ஊர் ஆச்சி சொன்ன கதையோடு இதைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கவும் வழி இருந்ததில்லை.

எல்லாரும் வரையும் ஒரே படம்

2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற ஒன்றைத் தொடங்கினார். அந்த நாட்டு அரசின் நிலவரைபடத் தரவுகளை வாங்கப் பணம் கட்ட வேண்டியிருந்தது. சாதாரண மனிதர்கள் ஆளுக்கு ஒரு ஜிபிஎஸ் கருவியோடு தெருவில் நடந்து, நடந்த வழியைப் பதிந்து ஒரே இடத்தில் சேர்த்தால் நமக்கென்று ஒரு வரைபடம் கிடைக்காதா என்ற யோசனைதான் தொடக்கம். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 2001-இல், விக்கிப்பீடியா வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற அதே வழியை வரைபடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உலகம் முழுக்க அந்தப் படத்தில் இருக்கிறது. நம் நெல்லையும் இருக்கிறது, ஆனால் நிறைய ஓட்டைகளோடு.

இதில் ஒரு விஷயத்தைப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நாம் செல்போனில் பார்க்கும் மற்ற வரைபடங்களில் படம் ஒரு கம்பெனியின் சொத்து. நாம் கடையைச் சேர்க்கலாம், பிழை சொல்லலாம், ஆனால் மொத்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு வந்து நம் ஊருக்கு ஒரு குளத்துப் படம் அச்சடித்துப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மாட்ட முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் படத்துக்குப் பின்னால் இருக்கும் தரவையே எடுத்துக்கொள்ளலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். அந்தத் தரவில் நாம் சேர்த்ததை வெளியே கொடுத்தால் அதையும் இதே உரிமையோடு கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் ஊரின் குளங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிய தாளில் அச்சடிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

படம் எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மூன்றே பொருள்கள்தான். முதலாவது புள்ளி: ஒரு மடை, ஒரு கிணறு, ஒரு கோயில். இரண்டாவது கோடு: புள்ளிகளை வரிசையாக இணைத்தால் கோடு. வாய்க்கால், ஓடை, ரோடு எல்லாம் கோடு. கோட்டைத் தொடங்கிய புள்ளியிலேயே கொண்டுபோய் முடித்தால் அது ஒரு பரப்பு, அதாவது குளம், வயல், கட்டடம். மூன்றாவது தொகுப்பு: பல கோடுகளைச் சேர்த்து “இவையெல்லாம் ஒன்றுதான்” என்று சொல்வது. பாளையங்கால்வாய் போன்ற நீளமான கால்வாயை ஒருவர் ஒரே மூச்சில் வரைய மாட்டார். பத்துப் பேர் பத்துத் துண்டாக வரைவார்கள். அத்தனையும் ஒரே கால்வாய் என்று கட்டிவைப்பது இந்தத் தொகுப்பின் வேலை.

வெறும் கோட்டுக்கு அர்த்தம் கிடையாது. அது வாய்க்காலா, வண்டிப்பாதையா என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்குத்தான் டேக். ஒவ்வொரு கோட்டுக்கும், புள்ளிக்கும் சின்னச் சீட்டு ஒட்டுவது போல இது. வகை: கால்வாய். பெயர்: இன்னது. தமிழ்ப் பெயரை எழுத ஒரு தனி இடம் இருக்கிறது. பழைய பெயருக்கு ஒன்று, ஊரில் வழங்கும் பெயருக்கு ஒன்று, மாற்றுப் பெயருக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதலாம். இந்த வசதியின் அருமை நம்மூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். எங்கள் குளத்துக்கு ரெவின்யூ ரெக்கார்டில் ஒரு பெயர், அதில் மீன் பிடிப்பவர்கள் சொல்வது ஒரு பெயர், பெண்கள் பேச்சில் வருவது இன்னொரு பெயர். ஒன்று சரி, மற்றது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றையும் எழுதி வைக்கலாம். வெளியூரிலிருந்து யாராவது தேடும்போது மூன்றில் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதே குளத்தில் போய் நிற்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஓடும் எதை வரைந்தாலும், தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் வரைய வேண்டும். கோட்டின் முதல் புள்ளி மேல் பக்கம், கடைசிப் புள்ளி கீழ்ப் பக்கம். வரைந்தபின் கோட்டின் மேல் சின்ன அம்புக்குறிகள் தெரியும். தார்சாவில் பெரியப்பா வரைந்ததைத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். அவரும் கால்வாயில் தொடங்கி மறுகாலில்தான் முடித்தார். ஒரு இடத்தில்கூடக் கை எதிர்த்திசையில் போகவில்லை. நான் கணினியில் வரைந்தபோது குளத்திலிருந்து தொடங்கிக் கால்வாய்க்கு எதிராகப் போய்விட்டேன். அம்புகள் எல்லாம் தண்ணீர் மேட்டுக்கு ஏறுவதாகக் காட்டின. இரண்டு நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் அதைத் திருப்பிவிட்டு, எதற்காகத் திருப்பினார் என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். அந்த விதியை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

வானத்திலிருந்து பார்த்தால் போதாது

வரைவதற்குக் கணினியில் ஒன்றும் நிறுவ வேண்டாம். ஒரு கணக்குத் தொடங்கி, அந்தத் தளத்திலேயே ‘ஐடி’ என்ற பெயரில் இருக்கும் எடிட்டரைத் திறந்தால், கீழே செயற்கைக்கோள் படம் தெரியும். அதன் மேல் கோடு போடலாம். முதல் நாள் இது மந்திரம் போல இருக்கும். பொதிகை அடிவாரத்திலிருந்து கடல் வரை எல்லாக் குளமும் தெரிகிறதே, உட்கார்ந்த இடத்திலேயே வரைந்து முடித்துவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் ஒரு ராத்திரி முழுக்க வரைந்தேன். காலையில் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் விரல் வைத்த இடமெல்லாம் பிழை.

குளத்துக்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பகுதியைக் காடு என்று போட்டிருந்தேன். கோடையில் எடுத்த படம் போலிருக்கிறது, குளத்தின் உள்வாயில் யாரோ பயிர் வைத்திருந்த இடம் வயலாகத் தெரிந்தது. அதனால் குளத்தின் பரப்பு என் படத்தில் பாதியாகிவிட்டது. வாய்க்கால் என்று நினைத்து நீலக்கோடு போட்டது வண்டிப்பாதை. உண்மையான வாய்க்காலோ பனைமர நிழலில் மறைந்து படத்தில் தெரியவே இல்லை. மறுகாலைச் சாதாரணக் கரை என்று விட்டுவிட்டேன். மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு உயரம் தெரியாது. கரை எங்கே தாழ்ந்திருக்கிறது, தண்ணீர் எங்கே வழியும் என்பது கரையில் நடந்தவருக்குத்தான் தெரியும்.

இது கணினியின் குறை என்று நான் நினைக்கவில்லை. படம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. மீதியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வரைபடம் வரைகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: தரையில் என்ன இருக்கிறதோ அதுவே கடைசி வார்த்தை. இருவர் இருவிதமாகச் சொன்னால், நேரில் போய்ப் பார்த்தவர் சொல்வதுதான் நிற்கும்.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேறு விதமாகச் செய்தோம். ஃபீல்ட் பேப்பர்ஸ் என்ற வசதி இருக்கிறது. வரைபடத்தில் நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் தாளில் அச்சடித்துத் தரும். அதை அட்டையில் கிளிப் போட்டு எடுத்துக்கொண்டு பெரியப்பா, நான், அண்ணன் மகள் மூவரும் கரையில் நடந்தோம். பெரியப்பாவுக்குச் செல்போனில் விரலால் கோடு போடச் சொன்னால் வராது. பேனாவைக் கொடுத்தால் தாளில் அழகாக எழுதுகிறார். ஒவ்வொரு மடைக்கும் ஒரு பெயர் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எந்த மடை எந்தப் பத்துக்கு, அதாவது எந்த வயல் பகுதிக்குப் பாயும், கார் சாகுபடிக்கு எதைத் திறப்பார்கள், பிசான சாகுபடிக்கு எதை முதலில் திறப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைத் தடுத்து, “அது அந்த மடை இல்லய்யா, அதுக்கு அங்கிட்டு உள்ளதுல்லா” என்று பெரியப்பாவையே திருத்தினார். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பாட்டி சொன்னதுதான் சரி. தாளில் அடித்துத் திருத்தினோம். சாயங்காலம் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்றியது பிள்ளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு கம்பெனிகளின் வரைபடத்தைப் பார்த்து அதிலிருந்து பெயரையோ கோட்டையோ இங்கே கொண்டுவரக் கூடாது. அது அவர்கள் சொத்து. எடிட்டரில் காட்டும் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைய உரிமை வாங்கப்பட்டிருக்கிறது, அவற்றைப் பயன்படுத்தலாம். நம் காலால் நடந்தது, கண்ணால் பார்த்தது, ஊர்க்காரர் வாயால் கேட்டது ஆகியவற்றை எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம்.

யாராவது கெடுத்துவிட்டால்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர் இல்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால், வேண்டாதவன் வந்து கெடுத்துவிட மாட்டானா?

கெடுக்கலாம். ஆனால் அழிக்க முடியாது. ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது, எப்போது செய்தது, முன்பு என்ன இருந்தது என்று அப்படியே பதிவாகிறது. பழைய நிலைக்குத் திருப்புவது சில நிமிட வேலை. மாற்றம் செய்யும்போது “எதற்காக” என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். “ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குளத்தின் பெயர் சேர்த்தேன்” என்று எழுதினால் அடுத்தவருக்கு நம்பிக்கை வரும். மற்றவர்கள் அதற்குக் கீழேயே கேள்வி கேட்கலாம். விக்கிப்பீடியாவிலும் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் இப்படியொரு வரலாறும் பேச்சும் இருக்கின்றன. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் நிற்பது அந்த ஏற்பாட்டின் பலத்தில்தான்.

என் கவலை வேறு. கெடுக்க வருபவர்களைவிட, யாருமே வராமல் இருப்பதுதான் நம் பக்கத்தில் பெரிய ஆபத்து. தவறான கோட்டைப் பார்த்து யாராவது கோபப்பட்டால் அது நல்ல செய்தி, பார்க்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பத்து வருடமாகப் பெயரில்லாமல் கிடக்கும் நீலத் திட்டுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

எதைப் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார் வீடு எது, யாருடைய வயல் எது, யாருடைய போன் நம்பர் என்ன என்பது வரைபடத்துக்கு வேண்டாம். பங்காளிச் சண்டையில் இருக்கும் வரப்பைக் கோடாக இழுத்து வழக்குக்குச் சாட்சியாக்க நினைக்க வேண்டாம். நில அளவைக்கு உரிய சட்டப் பதிவேடுகள் தனி, இது தனி. இன்றைக்கு எந்த ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்பது போல நாளைக்கு மாறிவிடும் செய்தியையும் இதில் எழுதுவதில்லை. அதற்கு யூமேப் போன்ற வசதிகள் இருக்கின்றன. இதே வரைபடத்தை அடியில் வைத்து, மேலே கண்ணாடித்தாள் போட்டது போல நம் குறிப்புகளை மட்டும் எழுதி, சுட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

அப்படி ஒரு வேலை 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது நடந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடியாக வைத்து ஒரு படம் திறந்துவிட்டார்கள். மக்கள் தங்கள் தெருவைத் தொட்டு, இங்கே தண்ணீர் நிற்கிறது என்று குறித்தார்கள். ஒருவர் ஒரு தெருவைத்தான் குறித்தார். பார்க்கிறவருக்கு நகரம் முழுவதும் தெரிந்தது. அதற்கு முன்னால் 2010-இல் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்துக்கு உருப்படியான வரைபடம் இல்லாமல் மீட்புக் குழுக்கள் தடுமாறின. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் சில நாட்களில் அந்த நகரத்தின் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். ஆனால் சென்னையில் தெருக்கள் முன்பே படத்தில் இருந்தன, அதனால்தான் தொட்டுக் குறிக்க முடிந்தது. அடியில் தெருவே இல்லாவிட்டால் வெள்ளம் வந்த ராத்திரியில் உட்கார்ந்து வரைய முடியாது. எங்கள் மறுகாலுக்கு நேர்ந்தது அதுதான்.

குளத்துக்கு வேறு முகங்களும் உண்டு

வரைபடம் மட்டுமே கூட்டறிவு ஆகாது. ஒரே குளத்தைப் பற்றிய வேறு வேறு அறிவுக்கு வேறு வேறு இடங்கள் இருக்கின்றன. மடையின் பழைய கல் தூண்களைப் படம் எடுத்தால் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் பயன்படுத்துவார்கள். குளத்தின் வரலாற்றுக்கு அச்சில் ஆதாரம் இருந்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாம். வாய்மொழி மட்டும் இருந்தால் அங்கே எடுபடாது, வேறு வழியில் ஒலிப்பதிவாகவாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பறவைகள் விஷயத்தில் நம் மாவட்டம் ஏற்கெனவே முன்னால் போய்விட்டது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. தை மாதக் குளிரில், விடியற்காலையில், கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் வேறு வேலையில் இருப்பவர்களும் குழுகுழுவாகப் பிரிந்து குளம் குளமாகப் போய் நாரையையும் வாத்தையும் எண்ணுகிறார்கள். ஒரு குழுவின் சீட்டில் ஒன்றும் தெரியாது. எல்லாக் குளங்களின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல ஆண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால்தான் எந்தக் குளத்துக்குப் பறவைகள் வருகின்றன, எதை விட்டுப் போகின்றன என்று கண்ணுக்குத் தெரியும். கூந்தன்குளத்துக்கு மட்டும்தான் பறவை வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கணக்கெடுப்பைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் குளத்தையே வேறு கண்ணால் பார்க்கிறேன்.

தொடங்க நினைப்பவருக்கு

ஊர் முழுக்க வரைய வேண்டாம். முதலில் உங்கள் ஊரைத் தேடி, உங்கள் குளம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்து பெயர் இல்லையென்றால் பெயரைத் தமிழில் எழுதுங்கள். முதல் நாளைக்கு அது போதும். அடுத்த வாரம் ஒரு மடை. அதற்கு அடுத்த வாரம், அந்த மடையிலிருந்து போகும் வாய்க்காலில் தெரிந்தவரை. தண்ணீர் ஓடும் திசையிலேயே வரையுங்கள். தெரியாத இடத்தில் ஊகித்து நீட்டாதீர்கள், கோட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். வரையப் பிடிக்கவில்லை என்றால் வரைபடத்தில் ஒரு குறிப்பு மட்டும் விட்டுச் செல்லலாம். “இங்கே மறுகால் உண்டு, படத்தில் இல்லை” என்று எழுதினால் வரையத் தெரிந்த வேறொருவர் எடுத்துக்கொள்வார்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு தொடங்குங்கள். நேரில் நடக்க முடியாதவராக இருந்தாலும் தாளும் பேனாவும் கொடுங்கள். “குளத்தைப் பத்தி சொல்லுங்க” என்று கேட்டால் நாலு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். “வரைஞ்சு காட்டுங்க” என்று கேட்டால் அரைமணி நேரம் எழுந்திருக்க மாட்டார்கள். நடுவே அழித்து அழித்துத் திருத்துவார்கள், அந்தத் திருத்தங்களைக் கவனியுங்கள், விஷயம் அங்கேதான் வரும். எங்கள் வீட்டில் இப்போது மூன்று தாள்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்றில் பெரியப்பா, தான் சின்னப் பையனாக இருந்தபோது இருந்து இப்போது வீட்டுமனையாகிவிட்ட ஒரு தாங்கலை, அதாவது சின்னக் குளத்தை வரைந்திருக்கிறார். தரையில் இல்லாததை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் போட முடியாது என்று சொன்னபோது அவருக்கு வருத்தம்தான். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எங்கள் மறுகால் ஓடை அடுத்த ஊர் எல்லையில் ஏழு மாதம் அப்படியே நின்றது. சாக்பீஸ் நின்ற அதே இடத்தில்தான். ஒரு குறிப்பு மட்டும் விட்டிருந்தேன்: இதற்குக் கிழக்கே தெரிந்தவர்கள் தொடரவும். ஆடி மாதத்தில் ஒருநாள் திறந்து பார்த்தால் கோடு நீண்டிருந்தது. ரோட்டுப் பாலத்துக்குக் கீழே நுழைந்து, அரைக் கிலோமீட்டர் தெற்கே ஓடி, இன்னொரு குளத்தின் மேல்முனையில் சேர்ந்தது. அம்புகள் சரியான பக்கம் காட்டின. மாற்றத்தோடு எழுதியிருந்த வரி தமிழில் இருந்தது: “பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்த்தேன், தண்ணீர் எங்கள் குளத்துக்குத்தான் வருகிறது.”

பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். செல்போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனார்.

“அவங்க மறுகால் எங்க போகுதுன்னு கேளுல.”